பேச மாட்டேன் என்றுதானே சொன்னேன்

மார்ச் 3

அன்புள்ள சைலன்சருக்கு,

கவரின் பின்பக்கம் வேண்டுமென்றேதான் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருப்பாய். இதற்குள் கையெழுத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பாய், ஆனால் கவரைப் பிரித்தாயிற்று. பத்தொன்பது வருஷம் உன் சீட்டுக்குப் பின்னால் நின்று டிக்கெட் கிழித்தவனுக்கு உன்னைப் பற்றி இதுகூடத் தெரியாதா?

நான்தான், ரேடியோ. உன் கண்டக்டர். ஏழு மாதமாக உனக்குப் போன் போடுகிறேன். ஒரு மணி அடித்ததும் கட் ஆகிறது. கடைசியில் உன் மகளிடம்தான் விலாசம் வாங்கினேன். "சித்தப்பா, அப்பா யார்கூடவும் பேசறதே இல்ல. காலைல பால்கனில உக்காந்தா உக்காந்ததுதான். சாப்பிடக் கூப்பிட்டா வர்றார். திரும்பப் போய் உக்காந்துக்கறார். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அந்தப் பெண் பயந்து நான் பார்த்ததில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாக எதிர்பார்த்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் படிக்காதே. பள்ளிக்கூட வளைவில் உனக்குக் கண் இருட்டி வண்டி நடைபாதையில் ஏறியதே, அன்றைக்கு நாற்பது பேரிடமும் நாய் குறுக்கே வந்துவிட்டது என்று பொய் சொன்னவன் நான். இல்லாத அந்த நாய்க்கு அன்றைக்கு எத்தனை திட்டு! இரண்டாவது முறை பாலத்து இறக்கத்தில் உன் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடி வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் நான்தான். அதற்கப்புறமும் ஒரு நாயைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். டாக்டர் பார்த்தார், உன்னை வண்டியிலிருந்து இறக்கினார்கள். ரிட்டயர் ஆக ஆறு மாதம்தான் பாக்கி என்பது எனக்கும் தெரியும். இன்னொரு முறை நடந்தால் இன்னொரு முறையும் எழுதிக் கொடுப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. ஒரு மாதத்துக்குள் இதய டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்களே, பார்த்தாயா?

உன் முதுகையே பார்த்துப் பழகிய,
ரேடியோ


மார்ச் 14

ரேடியோவுக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. டிப்போ முற்றத்தில் அத்தனை பேர் முன்னாலும் "இந்த ஜென்மத்துல இவன்கூட ஒரு வார்த்தை பேசினா நான் மனுஷனே இல்ல" என்று சொன்னேன். அந்தச் சத்தியம் அப்படியே இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்.

முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கடைசி நாளில் நானாக எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து இறங்க வேண்டும் என்று இருந்தேன். நடுவில் பிடித்து இறக்கிவிட்டார்கள். காரணம் நீ. என்னிடம் சொல்லியிருக்கலாம். நேராக என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நானே இறங்கியிருப்பேன். முதுகுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தாய்.

இங்கே மகள் ஊரில் நாலாவது மாடி. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு பால்கனி. கீழே பஸ் ஸ்டாப் தெரிகிறது. எட்டு நாற்பது வண்டி தினமும் ஆறு நிமிஷம் லேட். அதன் டிரைவர் வளைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்புகிறான், பார்க்கவே சகிக்கவில்லை. மருமகன் தங்கமான பையன். "சாப்பிட்டீங்களா மாமா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். "மழை வரும் போல" என்பார். வரும் என்பேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து படுக்கும் வரை என் வாயிலிருந்து வந்தது பத்தொன்பது வார்த்தை.

டாக்டரைப் பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை. ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு எதற்கு சர்வீஸ்?

இனிமேல் எழுதாதே.

நம் வண்டியின் மூன்றாவது கியர் இன்னும் மக்கர் செய்கிறதா? புது ஆளிடம் சொல். கிளச்சை முழுசாக மிதிக்க வேண்டும், ஒரு மூச்சு விட வேண்டும், அப்புறம்தான் கியரைப் போட வேண்டும். அவசரப்பட்டால் அது கேட்காது.

சைலன்சர்


மார்ச் 25

அன்புள்ள சைலன்சருக்கு,

எழுதாதே என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே கேள்வி கேட்கிறவனை என்ன செய்வது? பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்கிறேன். மூன்றாவது கியர் முரண்டு பிடித்துக்கொண்டுதான் இருந்தது. புது டிரைவரிடம் நீ சொன்ன மூச்சு வைத்தியத்தைச் சொன்னேன். இப்போது பெட்டிப்பாம்பாக விழுகிறது. அவர் நல்ல டிரைவர், குறை சொல்ல முடியாது. இரண்டு காதிலும் ஒயரைச் செருகிக்கொண்டு வருவார், டிரிப் முடிந்ததும் அதே ஒயரோடு போய்விடுவார். ஏழு மாதத்தில் என்னிடம் அவராகக் கேட்ட ஒரே கேள்வி, "டாய்லெட் எந்தப் பக்கம் சார்?"

உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்கிறாயே. பதினொரு முறை சொன்னேன், சைலன்சர். சாப்பாட்டு மேஜையில் சொன்னேன், கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன், உன் வீட்டு வாசலுக்கே வந்தும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நீ சொன்ன பதில், "சூடுடா, வேற ஒண்ணும் இல்ல." வேளாவேளைக்குச் சூடு பிடிக்கிற உடம்பு உலகத்திலேயே உனக்குத்தான்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். உன் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் நாமெல்லாம் உனக்கு நண்பர்களாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குப் போன் போடுவது அவள். நம் டிப்போ மெக்கானிக்கின் மகள் பரீட்சையில் பாஸா என்று விசாரிப்பது அவள். யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் உனக்குச் சட்டையை மாட்டிக் கிளப்பி விடுவதும் அவள்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவாய், நட்பு தானாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் போனபோது அவளோடு சேர்ந்து நாங்கள் எல்லோருமே உன் கையை விட்டுப் போய்விட்டோம். உனக்கு அது தெரியக்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக மட்டும் இல்லை.

ஆகவே உனக்கு ஒரு டியூட்டி போடுகிறேன். நாலு மாடியையும் இறங்கு. தினமும் ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேள். மணி என்ன என்றாவது கேள், கையில் வாட்சைக் கட்டிக்கொண்டே கேள். ஒரு மாதம் கழித்து எனக்கு ரிப்போர்ட் அனுப்பு.

நான் ஜோராக இருக்கிறேன். மத்தியானம் டிப்போ மேஜைக்குப் போவதில்லை, வண்டியிலேயே கடைசி சீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். ஜன்னல் வழியாக நல்ல காற்று.

ரேடியோ


ஏப்ரல் 16

ரேடியோவுக்கு,

ரிப்போர்ட்.

நீ சொன்னதற்காக இறங்கவில்லை. லிஃப்ட் ரிப்பேர், மகள் கீழேயிருந்து பையைத் தூக்க முடியாமல் கூப்பிட்டாள். இறங்கியதுதான் இறங்கினோம் என்று நின்றேன்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா. பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று வட்டமாக சிமென்ட் பெஞ்சு கட்டியிருக்கிறார்கள். நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தர் செருப்பை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்து மணி என்ன என்று கேட்டேன். "உங்க கையிலயே கட்டியிருக்கீங்களே" என்றார் ஒருவர். அதோடு முடிந்தது. அங்கிருந்து எழுந்து வரும்போது உன்னைத் திட்டிய திட்டு உனக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் பூங்காவுக்குப் போகவில்லை. ரோட்டோரம் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே. அதில் உட்கார்ந்தேன். எட்டு நாற்பது வண்டி வந்தது, லேட்டாகத்தான். என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன், "இந்த வண்டிக்கு கிளச் போச்சு. இன்னும் பத்து நாள்தான்." பக்கத்தில் இருந்தவர், "எப்படிச் சொல்றீங்க?" என்றார். தையல்காரர், கடையை மகனிடம் விட்டவர். சொன்னேன். அவர் எதிரே போகிறவர்களின் சட்டையைக் காட்டி எந்தத் தோள் ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று சொன்னார். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. மூன்றாம் நாள் பூங்காக்காரர் ஒருத்தர் நைஸாக வந்து சேர்ந்துகொண்டார். கணக்கு வாத்தியாராக இருந்தவர். இப்போது என்னைச் சேர்த்து எட்டுப் பேர். எல்லோரும் ஒரே வரிசை. எல்லோரும் ரோட்டைப் பார்த்து.

ஒன்று கண்டுபிடித்தேன். நம்மைப் போன்ற ஆட்களை எதிரும் புதிருமாக உட்கார வைத்தால் விசாரணைக்கு வந்த மாதிரி வாயை மூடிக்கொள்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்னால் ஒரு ரோட்டையும் கொடுத்தால் எல்லாம் கொட்டுகிறது. நாம் மட்டும் என்ன? என் அம்மா போனதை நான் உன்னிடம் சொன்னது இருபதாவது ஸ்டாப்புக்கும் இருபத்தொன்றாவது ஸ்டாப்புக்கும் நடுவில். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நீ என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக் கேட்டாய்.

தையல்காரர் போன வாரத்துக்கு முந்தின வாரம் சட்டையில் இரண்டு பட்டனைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். பேஸ்மேக்கர் வைத்த தழும்பு. "என் இதயமும் அப்பப்ப துடிக்க மறந்துடும். இப்ப மெஷின் ஞாபகப்படுத்துது" என்றார். எனக்கும் கண் இருட்டும் என்று அவரிடம் சொன்னேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, ஒரு தண்ணீர் லாரியைப் பார்த்துச் சொன்னேன். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஒன்பதாம் தேதி எனக்கும் வைத்துவிட்டார்கள். சுவர்க்காரர்கள் ஏழு பேரும் ஆஸ்பத்திரி வராண்டாவில் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்களாம். மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சிரித்துப் பார்த்தேன்.

என் விஷயம் முடிந்தது. இப்போது உன் விஷயம்.

டிப்போ மேஜையில் பதினெட்டுப் பேர் சாப்பிடுவோம். ஜன்னலோரம் உன் இடம். நீ ஏதாவது உளறினால்தான் அங்கே பாதிப் பேருக்குச் சாப்பாடு இறங்கும். நீ தனியாகக் கடைசி சீட்டில் சாப்பிடுகிறாய். காற்று வருகிறது என்கிறாய். அந்த ஜன்னல் எட்டு வருஷமாகத் திறக்காது. மழைத் தண்ணீர் வருகிறது என்று அதற்கு ஆணி அடித்தவனே நான்தான்.

உண்மையைச் சொல்.

சைலன்சர்


ஏப்ரல் 27

அன்புள்ள சைலன்சருக்கு,

உன் நெஞ்சில் மெஷின் ஓடுகிறது என்று படித்ததும் வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டேன். பாஸ் எடுக்க வந்த ஒரு அம்மா என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார். அந்தத் தையல்காரர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. வட்ட பெஞ்சு கட்டினவனைப் பிடித்து உன் சுவரில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். உன் மகள் சிரித்ததைப் படித்தபோது...

சரி. இப்படியே நாலு பக்கம் ஓட்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். அந்த ஜன்னலை மறந்துவிட்டேன்.

நீ முற்றத்தில் சத்தியம் செய்துவிட்டுப் போனாய் அல்லவா? அதை இங்கே எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். மறுநாள் மேஜையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். ஒருத்தருக்குத் திடீரென்று டயர் பார்க்க வேண்டியிருந்தது, ஒருத்தருக்கு யாரோ போன் செய்தார்கள், ஐந்தே நிமிஷத்தில் அத்தனை நீள மேஜையில் நான் மட்டும். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதில் எனக்கு என்ன பஞ்சம்? மெக்கானிக்கூட எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. என் லாக்கர் கதவில் யாரோ சாக்பீஸால் பெரிய பேனா ஒன்றை வரைந்து வைத்தார்கள். எழுதிக் கொடுக்கிறவனாம். நான் அதை அழிக்கவில்லை. அழித்தால் எனக்கு வலித்தது தெரிந்துவிடும்.

வீட்டில் எதுவும் தெரியாது. நான் இன்னும் மேஜையில் தர்பார் நடத்துவதாக வீட்டுக்காரி நினைத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம் மெக்கானிக் சொன்ன ஜோக் என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறேன். இல்லாத நாயைக் கூட்டி வந்தவனுக்கு இல்லாத அரட்டையைக் கூட்டி வரத் தெரியாதா? லீவு நாளிலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் சரியில்லை. சில நாள் கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கின பிறகும் எனக்கு மட்டும் இறங்கத் தோன்றுவதில்லை. இறங்கி எங்கே போகிறது என்று இருக்கிறது.

இரண்டு மாதமாகப் படி ஏறினால் நெஞ்சை பெல்ட் போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது. இடது கை மரத்துப் போகிறது. அநேகமாகச் சூடுதான்.

மே 31 எனக்குக் கடைசி நாள். கூட்டம் வேண்டாம், போட்டோ வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். யாரும் வராத கூட்டத்துக்கு நான் மட்டும் போய் உட்காருவதா? காலை ஐந்து நாற்பது முதல் வண்டி. அந்த டிரிப்பை முடித்து, பையை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவேன்.

வீட்டில் சொல்லிவிடாதே. ரிட்டயர் ஆன பிறகு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன். உன்னைத்தான் நம்பி எழுதியிருக்கிறேன்.

ரேடியோ


மே 2

ரேடியோவுக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. பதினொன்று பத்துக்கு உன் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். அவளோடு பேச மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நெஞ்சு, கை, தூக்கம், டப்பா, பஸ் ஸ்டாண்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் அழவில்லை. "அண்ணே, மூணு வாரமா மெக்கானிக் சொன்ன ஜோக்குன்னு ஒரே ஜோக்கைத்தான் சொல்லிட்டிருக்காரு. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது, என்னன்னுதான் தெரியல" என்றாள். நாளைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ போய்விட்டு வந்திருப்பாய்.

கோபம் வரும். வரட்டும். நம்பி எழுதியவனைக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று நினைப்பாய். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடுத்த அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது அது எனக்கு உறைக்க.

நீ என்னிடம் பதினொரு முறை சொல்லவில்லை. பதினான்கு முறை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சூடு இல்லை என்று எனக்கும் தெரியும். பயமாக இருந்தது. ஸ்டியரிங்கை விட்டால் அதற்கப்புறம் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதை உன்னிடம் சொல்ல வெட்கம். அதற்குப் பதில் நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஓட்டினேன். அவர்களில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் இந்த மெஷினால் என்ன பிரயோஜனம்? நீ ஓடி வந்தாய். நான் உனக்குக் கொடுத்த பரிசு, முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் அவமானம்.

மெக்கானிக்குக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். நாய் வரவில்லை என்பது உட்பட. கடைசியில், "என் பக்கம் நிற்பதாக நினைத்து அவனைத் தனியாக விட்டுவிட்டீர்கள். என் பக்கம் நிற்க வேண்டுமானால் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்" என்று எழுதினேன். வாத்தியார் பிழை திருத்தினார்.

எனக்குக் கோபம் போக இத்தனை மாதம் ஆயிற்று. நீ வாயாடி, உனக்கு ஏழு நாளில் போய்விடும்.

சைலன்சர்


மே 19

துரோகிக்கு,

ஏழு நாளில் போகவில்லை. இன்றைக்குப் பதினாறாவது நாள், இன்னும் இருக்கிறது.

மூன்றாம் தேதி காலையில் டப்பாவை எடுக்கப் போனேன். டப்பா இல்லை. அது இருந்த இடத்தில் ஆஸ்பத்திரி டோக்கன். வீட்டுக்காரி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "ஜோக்கெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க, வாங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் அடைப்பாம். அன்றைக்கே படுக்க வைத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தீங்கன்னா படியில ஏறும்போதே போயிருப்பீங்க" என்றார் டாக்டர். எந்தப் படி என்று கேட்டேன். முன்படியா பின்படியா என்று தெரிந்துகொள்ளத்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் தேதி மெக்கானிக் வந்தார். உள்ளே வந்தவர் ஜன்னலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "நாய் வரலையாமே" என்றார். வரல என்றேன். "எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? ஏன்யா இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்த? நீயெல்லாம் ஒரு ரேடியோவா?" என்று திரும்பாமலே கத்தினார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நீங்க ஏன் கேக்கல என்றேன். ஸ்டூலை இழுத்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். உன் கண்டுபிடிப்பு சரிதான். ஆண்டவன் அந்தச் சுவரில் ஒரு காலண்டரையாவது மாட்டியிருக்கலாம்.

நேற்றுத்தான் டிப்போவுக்குப் போனேன். மாத முடிவு வரைக்கும் உட்கார்ந்த இடத்தில் வேலை, கடைசி நாள் ஒரு டிரிப்புக்கு மட்டும் டாக்டர் சம்மதித்திருக்கிறார். லாக்கரில் பேனா இல்லை. ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்த தடம் இருந்தது. யார் என்று கேட்கவில்லை. மத்தியானம் மேஜைக்குப் போனேன். ஜன்னலோரம் இடம் விட்டிருந்தார்கள். காதில் ஒயர் வைத்த டிரைவர் ஒயரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, "சார், அந்த மூணாவது கியர் டிரிக் யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். இரண்டாவது கேள்வி! அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவன் மணி அடிக்கும் வரைக்கும் நிறுத்தவில்லை. பழைய ஜோக்குக்கெல்லாம் சிரித்தார்கள்.

இதற்கெல்லாம் உனக்கு நன்றி எழுதுவேன் என்று பார்க்கிறாய். மாட்டேன். நேற்று அதே மேஜையில் பதினேழு பேர் முன்னாலும் எழுந்து நின்று சத்தியம் செய்துவிட்டேன், "அந்த சைலன்சருக்கு இனிமே ஒரு வரி எழுதினா நான் மனுஷனே இல்ல!" எல்லோரும் டப்பா மூடியைத் தட்டி ஆமோதித்தார்கள். இந்தக் கடிதத்தை அதற்கு முன்பே மனசுக்குள் தொடங்கிவிட்டேன், அதனால் இது சேராது. இதோடு சரி. உன்னிடமிருந்து என்ன வந்தாலும் பதில் கிடைக்காது.

நீ பேச மாட்டாய். நான் எழுத மாட்டேன். இரண்டு பேரும் ரோஷக்காரர்களாக இருந்தால் கதை இங்கேயே முடிந்தது.

பேச மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொள்.

31, காலை ஐந்து நாற்பது.

ரேடியோ


மே 24

ரேடியோவுக்கு,

இதற்கு உன்னால் பதில் எழுத முடியாது. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக நான் பேச்சை முடிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

முப்பதாம் தேதியே கிளம்புகிறேன். தையல்காரரும் வாத்தியாரும் கூட வருகிறார்கள். மற்ற ஐந்து பேரும் அடம் பிடித்தார்கள், சுவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டு வருகிறேன். மருமகன் பஸ் ஏற்றிவிட வருகிறார். நேற்று அவரோடு பால்கனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு நாற்பது வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆபீசில் அவருக்கு ஏதோ பிரச்சினையாம், மகளிடம்கூடச் சொல்லவில்லையாம், என்னிடம் சொன்னார். முதலில் வீட்டில் சொல்லுங்கள் என்றேன்.

டிப்போ முற்றத்தில்தான் வண்டி ஏறுவேன். எங்கே நின்று சத்தியம் செய்தேனோ அங்கேயே. மெக்கானிக்கிடம் சொல்லி எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் வேண்டாம் என்று நீ மேனேஜரிடம்தான் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை.

கையில் ஒரு குறடு கொண்டு வருகிறேன். கடைசி சீட்டு ஜன்னலில் நான் அடித்த ஆணியை நானே பிடுங்க வேண்டும். அதற்கப்புறம் முன்னால் வந்து டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருவேன். நீ அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில். முன்னால் ரோடு இருக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. நான் டிக்கெட் எடுக்க வேண்டும். நீ என் எதிரே வந்து நின்று, "எங்க போகணும்?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் கிழித்துக் கொடுத்தால் அது தப்பு, நானே மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பேன். நீ கேட்டால் பயணி வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். என்ன பதில் என்று யோசித்து வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

முற்றத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்க வேண்டும். சத்தமாகக் கேள்.

சைலன்சர்